நல்லா தாங்குறான்னு சொல்றீங்களே, அதுதாங்க எனக்குப் பயம்

போன தீபாவளி ராத்திரி சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல பெரியக்கா வீட்ல இருந்தோம். வீடு நெறைய சொந்தக்காரங்க, ஹால்ல ஆம்பளைங்க ஒரு செட்டு பாட்டில் தொறந்து உக்காந்திருந்தாங்க. அக்கா மகனுக்கு 19 வயசு, என்எஸ்ல, அதாவது தேசிய சேவையில இருக்கான், அன்னைக்கு முகாம்லேருந்து புக் அவுட் ஆகி வந்திருந்தான். போன வருஷம்தான் மொத மொத பெரியவங்க வரிசையில அவனையும் கூப்பிட்டு உக்கார வச்சாங்க. அத்தானோட அண்ணன், அவனுக்குப் பெரியப்பா, ஊத்திக்கிட்டே இருந்தாரு, ரெண்டு மணி நேரத்துல எத்தனை ரவுண்டு போச்சுன்னு யாரும் எண்ணல, ஆனா தம்பி தள்ளாடல, நாக்கு குழறல. கீழ் மாடி மலாய்க்கார மக்சிக் வீட்டுக்கு முறுக்கு டப்பா குடுத்துட்டு வாடான்னு அக்கா சொன்னதுக்கு லிஃப்டுல போய் குடுத்துட்டு ஒழுங்கா திரும்பி வந்தான். "பாரு, எங்க புள்ள ஸ்டெடி, நல்லா தாங்குறான்"னு பெரியப்பா முதுகுல தட்டிக் குடுத்தாரு.

அப்புறம் காரிடார்ல நான் காத்து வாங்க நின்னப்போ பக்கத்துல வந்து அரை மணி நேரம் பேசினான். ஓஆர்டி ஆகி என்எஸ் முடிஞ்சதுக்கப்புறம் எஞ்சினியரிங் போக இஷ்டம் இல்ல சித்தி, நர்சிங் படிக்கணும், பாட்டி ஆஸ்பத்திரியில இருந்தப்போ பாத்துக்கிட்ட அந்த ஆம்பளை நர்ஸ் மாதிரி ஆகணும், அப்பாகிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியலன்னு சொல்லி கண்ணு கலங்கிட்டான். கோர்வையா, தெளிவா பேசினான்.

மறுநாள் காலைல மக்சிக் டப்பாவ கழுவி, உள்ள கொஞ்சம் குவே பலகாரம் வச்சு திருப்பிக் கொண்டு வந்து, ராத்திரி உன் மகன் வந்து அவ்ளோ மரியாதையா பேசினான்னு அக்காகிட்ட சொன்னாங்க. தம்பி என்னைப் பாத்தான். "சித்தி, நான் எப்போ போனேன்?" லிஃப்ட், முறுக்கு, காரிடார், பாட்டி, நர்சிங், ஒண்ணுமே அவனுக்கு ஞாபகம் இல்ல.

நான் செகண்டரி புள்ளைங்களுக்கு சயின்ஸ் டியூஷன் எடுக்கிறவ, மூளையப் பத்தின பாடத்த வருஷா வருஷம் நடத்துறேன், அப்படி இருந்தும் அன்னைக்குக் காலைலதான் அது எனக்கு நெஞ்சுல இறங்குச்சு. அதனால நம்ம வீடுகள்ல இருக்கிற அம்மா அப்பா, அத்தை மாமாங்களுக்கும், முக்கியமா 16லேருந்து 25 வயசுக்குள்ள இருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கும், ஒரே மூச்சுல நெறைய குடிக்கிறது இளம் மூளைய என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு எளிமையா எழுதுறேன்.

மொதல்ல நெறைய குடின்னா எவ்வளவு? ஒரு ஆளு ஒரு வாரத்துல மொத்தமா எவ்வளவு குடிச்சாருங்கறது வேற கணக்கு. ஒரே உக்காருல எவ்வளவு, எவ்வளவு வேகமாங்கறது இன்னொரு கணக்கு, இதைத்தான் பிஞ்ச் டிரிங்கிங்னு சொல்றாங்க. அமெரிக்காவோட குடி ஆராய்ச்சி நிறுவனம், என்ஐஏஏஏன்னு சொல்லுவாங்க, அவங்க சொல்ற எல்லை என்னன்னா 100 மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம் ஆல்கஹால் ஏறுற அளவுக்குக் குடிக்கிறது. இந்த 80ங்கற நம்பர் நமக்குப் புதுசு இல்ல, சிங்கப்பூர்ல குடிச்சுட்டு வண்டி ஓட்டுறதுக்கு சட்டம் வச்சிருக்கிற எல்லையும் அதே 80தான். அதாவது பிஞ்ச் டிரிங்கிங்னா வண்டிய தொடக்கூடாதுங்கற நெலமைக்கு ஒரே உக்காருல போறது. வளந்த ஆம்பளைக்கு ரெண்டு மணி நேரத்துல அஞ்சு டிரிங்க், பொம்பளைக்கு நாலு டிரிங்க் போனா அங்க வந்துருவாங்கன்னு அவங்க கணக்கு. சின்னப் பசங்களுக்கு இதுவும் குறையும், 14, 15 வயசுப் பையனுக்கு நாலு, 17 வயசு வரைக்கும் பொம்பளப் புள்ளைங்களுக்கு மூணே போதும்.

இங்க ஒரு குழப்பம் இருக்கு, எல்லாரும் ஒரு டிரிங்க்னா ஒரு கிளாஸ்னு நினைக்கிறாங்க. அமெரிக்காக்காரங்க கணக்குல ஒரு டிரிங்க்ல 14 கிராம் ஆல்கஹால், நம்ம ஊர்ல 10 கிராம். காப்பிக்கடையில வாங்குற அந்தப் பெரிய பீர் பாட்டில் 633 மில்லி, அதுல 5 சதவீதம்னா சுமாரா 25 கிராம் ஆல்கஹால். அப்போ நம்ம கணக்குல ஒரே பாட்டிலு ரெண்டரை டிரிங்க். மூணு பெரிய பாட்டில வேகமா முடிச்சா ஒரு வளந்த ஆம்பளையே அந்த எல்லைய தாண்டிட்டாருன்னு வச்சுக்கலாம். விஸ்கின்னா இன்னும் மோசம், 700 மில்லி பாட்டில் 40 சதவீதம்னா உள்ள 220 கிராம் இருக்கு, நாலு பேரு ஒரு ராத்திரியில ஒரு பாட்டில காலி பண்ணா ஆளுக்கு அஞ்சரை டிரிங்க். வீட்ல கையால ஊத்தும்போது எந்த கிளாஸ்ல எவ்வளவு போச்சுன்னு யாருக்குமே தெரியாது, அதுவும் ஒருத்தர் கிளாஸ் காலியாகுறதுக்கு முன்னாடியே இன்னொருத்தர் நெரப்பி விடுற நம்ம பழக்கம் இருக்கே, அதுல கணக்குங்கறதே கிடையாது.

சரி, குடிச்சா மூளைக்குள்ள என்ன நடக்குது? நம்ம மூளையில செல்லுக்கு செல்லு சேதி போறதுக்கு நெறைய ரசாயனம் இருக்கு, அதுல ரெண்டு மட்டும் இங்க போதும். காபான்னு ஒண்ணு, அது அமைதியா இருன்னு சொல்ற ரசாயனம். குளூட்டமேட்னு ஒண்ணு, அது கிளம்பு, வேலைய பாருன்னு சொல்ற ரசாயனம். ஆல்கஹால் உள்ள போனதும் காபாவுக்கு பலம் கூட்டுது, குளூட்டமேட்ட அமுக்குது. அதான் மொதல்ல உடம்பு லேசாகுது, வெக்கம் போகுது, பேச்சு வருது, அப்புறம் நாக்கு குழறுது, கால் தடுமாறுது, தூக்கம் வருது. கூடவே டோப்பமீன்னு இன்னொரு ரசாயனமும் ஏறி, இது நல்லாருக்கு, இன்னொரு தடவ வேணும்னு மூளை குறிச்சு வச்சுக்கும்.

விடிஞ்சா இதுக்கு நேர் எதிரா நடக்கும். ராத்திரி பூரா அமுக்கி வச்ச குளூட்டமேட் காலைல எகிறிக்கிட்டு எழும்பும், அதனாலதான் ஹேங் ஓவர்ல தலவலியோட சேந்து காரணமே இல்லாத படபடப்பு, கை நடுக்கம், எதையோ தப்பு பண்ணிட்டோமோங்கற பயம் எல்லாம் வருது. இந்த அமுக்குறதும் எகிறுறதும் வாரா வாரம் மாறி மாறி நடந்தா நரம்பு செல்லுங்களுக்கு நல்லது இல்ல. ஏழு நாள்ல தினம் ஒண்ணா குடிச்ச ஏழு டிரிங்கும் சனிக்கிழமை ராத்திரி ஒரேயடியா குடிச்ச ஏழு டிரிங்கும் மூளைக்கு ஒண்ணு இல்லன்னு சொல்றது இதனாலதான்.

இப்போ இளவயசு விஷயத்துக்கு வரேன், நான் எழுத உக்காந்ததே இதுக்குத்தான்.

18 வயசு ஆயிட்டா சட்டப்படி இங்க குடிக்கலாம், ஆனா மூளைக்கு 18ல வேலை முடியறது இல்ல. நெத்திக்குப் பின்னாடி இருக்கிற ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ், அதாவது யோசிச்சு முடிவெடுக்கிறது, பின் விளைவ கணக்குப் போடுறது, வேண்டாம்னு நிறுத்திக்கிறது, இதெல்லாம் செய்யற பகுதி, அது கடைசியாத்தான் முதிரும், 20 வயசு நடுவுல வரைக்கும் கட்டுமான வேலை நடந்துக்கிட்டே இருக்கும். ரெண்டு வேலை நடக்குது. ஒண்ணு, காரிடார்ல நாம மல்லிச் செடிய கவாத்து பண்ற மாதிரி, வேண்டாத நரம்பு இணைப்ப வெட்டி விட்டு வேண்டியத பலப்படுத்துறது. இன்னொண்ணு, வயருக்கு மேல ரப்பர் உறை போடுற மாதிரி நரம்பு இழைக்கு மேல மைலின்னு ஒரு கொழுப்பு உறை சுத்துறது, அப்பத்தான் சேதி வேகமா, சிதறாம போகும். ஆனா சந்தோஷத்த, திரில்ல தேடுற பகுதி அதுக்கு ரொம்ப முன்னாடியே சூடாயிடுது. ஆக்சிலரேட்டர் வந்தாச்சு, பிரேக் இன்னும் மாட்டிக்கிட்டு இருக்காங்க. அந்த நேரத்துலதான் நாம உள்ள ஊத்துறோம்.

அமெரிக்காவுல என்கேண்டான்னு ஒரு பெரிய ஆராய்ச்சி, 12லேருந்து 21 வயசுக்குள்ள 800க்கும் மேற்பட்ட பசங்கள சேத்து வருஷா வருஷம் மூளைய ஸ்கேன் எடுக்கிறாங்க. அதுல ரொம்பப் பேரு சேரும்போது குடிக்க ஆரம்பிக்காதவங்க, இல்லன்னா ரொம்பக் கம்மியா தொட்டவங்க. இது ஏன் முக்கியம்னா, குடிக்கிற பையன் மூளைய மட்டும் எடுத்துப் பாத்து வித்தியாசம் இருக்குன்னு சொன்னா, அது குடிச்சதால வந்ததா இல்ல பொறந்ததுலேருந்தே அப்படியா, அப்படி இருந்ததாலதான் குடிக்கப் போனானான்னு கேள்வி வரும், நியாயமான கேள்வி அது. முன்னாடியே எடுத்த ஸ்கேன் இருந்தா ஒப்பிட்டுப் பாக்கலாம். 2018ல வந்த அவங்க கட்டுரையில, பின்னாடி அதிகமா குடிக்க ஆரம்பிச்ச பசங்களுக்கு மூளையோட முன்பகுதியில சாம்பல் நிறப் பகுதி குறையற வேகம், குடிக்காத பசங்கள விட அதிகமா இருந்துச்சுன்னு வந்தது. அந்த வயசுல அது கொஞ்சம் கொஞ்சமா குறையறது இயல்புதான், மேல சொன்ன கவாத்துதான் அது, ஆனா குடி அந்த கத்திரிய வேகப்படுத்திருது.

அப்புறம் ஹிப்போகாம்பஸ். புது ஞாபகத்த எழுதுற இடம். தம்பி விஷயத்துல நடந்தது இங்கதான்.

இத காப்பிக்கடைய வச்சு சொல்றேன். ஆர்டர் எடுக்கிற அங்கிள் மேசைக்கு வராரு, நாம தே ஓ கோசோங், ரொட்டி பரோட்டான்னு சொல்றோம், அவரு தலையாட்டி சிரிச்சுப் பேசுறாரு, எல்லாம் நல்லாத்தான் நடக்குது, ஆனா கையில இருக்கிற சிட்டையில எழுதவே இல்ல. பத்து நிமிஷம் கழிச்சு கேட்டா உள்ள ஆர்டரே போகல. பிளாக்கவுட்ல மூளை இதைத்தான் செய்யுது. அந்த நிமிஷத்துக்கு வேண்டிய ஞாபகம் வேலை செய்யும், அதனால பேச முடியும், நடக்க முடியும், போன் பண்ண முடியும், சில பேரு காரே ஓட்டியிருக்காங்க. ஆனா ஹிப்போகாம்பஸ் எழுதுறத நிறுத்திருச்சு. இது மறதி இல்ல, மறந்தது பின்னாடி ஞாபகம் வரலாம், எழுதாதது எங்கேருந்து வரும்? கொஞ்சம் கொஞ்சம் துண்டு துண்டா எழுதின ராத்திரியும் உண்டு, அப்போ யாராவது சொன்னா ஆமால்ல அப்படின்னு வரும். தம்பிக்கு வந்தது முழுசு, நான் எவ்வளவு எடுத்துக் குடுத்தும் ஒண்ணும் வரல. பிளாக்கவுட்டுங்கறது மயக்கம் போட்டு விழுறதுன்னு நெறைய பேரு நினைச்சுக்கிட்டிருக்காங்க, இல்லவே இல்ல, பக்கத்துல நிக்கிறவங்களுக்கே தெரியாது. நான் பக்கத்துலதான் நின்னேன், எனக்குத் தெரியல.

சுமாரா 100 மில்லி ரத்தத்துல 160 மில்லிகிராம் பக்கம் போகும்போது பிளாக்கவுட் வர ஆரம்பிக்கும்னு சொல்றாங்க, ஆனா நம்பர விட வேகம்தான் பெருசு. வெறும் வயித்துல, மடமடன்னு, ஷாட் ஷாட்டா குடிச்சா ரத்தத்துல சர்ருன்னு ஏறும், ஹிப்போகாம்பஸால அந்த ஏத்தத்த தாங்க முடியாது. பாசிர் ரிஸ் கடற்கரை விடுதியில பார்பிகியூ கறி வேகறதுக்குள்ள யாரு மொதல்ல முடிக்கிறான்னு பந்தயம் வைக்கிற பசங்கள நானே பாத்திருக்கேன், அதுதான் இதுக்கு ரொம்ப வசதியான வழி.

இப்போ அந்தத் தாங்குறான் விஷயம். மனுஷப் பசங்களுக்கு சாராயம் குடுத்து சோதன பண்ண முடியாது, பண்ணவும் கூடாது, அதனால எலிகள வச்சுப் பாத்தாங்க, அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல 1990கள்ல இதப் பத்தி நெறைய வேலை நடந்துச்சு. ஒரே அளவு ஆல்கஹால இளவயசு எலிக்கும் வளந்த எலிக்கும் குடுத்தா, வளந்த எலி சீக்கிரம் தள்ளாடும், நெறைய நேரம் தூங்கிடும். இளவயசு எலி அவ்வளவு தள்ளாடாது, சீக்கிரம் எழுந்துக்கும். பாத்தா, ஆகா, சின்னது நல்லா தாங்குதேன்னு தோணும். ஆனா தண்ணித் தொட்டியில மறைஞ்சிருக்கிற மேடை எங்க இருக்குன்னு ஞாபகம் வச்சு நீந்தணுங்கற பரிட்சையில இளவயசு எலிதான் அதிகமா தோத்துச்சு. அப்புறம் மனுஷங்கள்லயும் பாத்தாங்க, 21லேருந்து 24 வயசுக்காரங்களும் 25லேருந்து 29 வயசுக்காரங்களும் ஒரே மாதிரி குடிச்சப்போ சின்ன வயசுக்காரங்களுக்குத்தான் ஞாபக சக்தி அதிகமா அடி வாங்குச்சு, இத்தனைக்கும் வயசு வித்தியாசம் ஒரு சில வருஷம்தான்.

அதோட அர்த்தத்த யோசிச்சுப் பாருங்க. தள்ளாட்டமும் தூக்கமும்தான் போதும்டா நிறுத்துன்னு உடம்பு அடிக்கிற மணி. இளவயசுல அந்த மணி லேட்டா அடிக்குது, ஆனா உள்ள சேதம் சீக்கிரமே ஆரம்பிச்சுருது. 45 வயசு பெரியப்பாவுக்கு நாலு ரவுண்டுல கண்ணு சொருகுது, அவரு போய் படுத்துடுறாரு. 19 வயசு தம்பி நிமுந்து உக்காந்திருக்கான், அதனால அவன் கிளாஸ்ல அஞ்சாவது, ஆறாவது விழுது, அவன் ஹிப்போகாம்பஸ் எப்பவோ எழுதுறத நிறுத்திருச்சு. நாம அதுக்குக் கை தட்டுறோம். ஸ்டெடின்னு பேரு வைக்கிறோம். அன்னைக்கு நானும் சிரிச்சுக்கிட்டுதான் நின்னேன், அதை நினைச்சா இப்பவும் மனசு கேக்கல.

படிப்புக்கு என்ன ஆகும்னு பெத்தவங்க கேப்பீங்க. ஸ்பெயின்ல சாண்டியாகோ டி கம்போஸ்டெலா பல்கலைக்கழகத்துல ஆரோக்கியமான மாணவர்கள ரெண்டு கூட்டமா பாத்தாங்க, பிஞ்ச் டிரிங்கிங் பண்றவங்க, பண்ணாதவங்க. கேட்ட சொல்லு, கேட்ட கதைய ஞாபகம் வச்சு திருப்பிச் சொல்ற சோதனையில குடிக்கிற கூட்டம் பின்தங்குச்சு. இவங்க குடிநோயாளி கிடையாது, வார நாள்ல கிளாஸுக்கு ஒழுங்கா போறவங்க, போதை தெளிஞ்சு நல்லா இருக்கும்போதே எடுத்த சோதனை அது. தூக்கமும் இதுல சேரும், படிச்சது மனசுல பதியறது தூக்கத்துலதான், குடிச்சுட்டு படுத்தா சீக்கிரம் தூக்கம் வந்துரும், ஆனா கனவு வர்ற ஆர்இஎம் தூக்கம் கெட்டுப் போகும், பாதி ராத்திரிக்கு மேல முழிப்பு தட்டிக்கிட்டே இருக்கும். டெஸ்ட் முடிஞ்சுதானே குடிக்கிறேன்னு ஒரு பாலிடெக்னிக் தம்பி என்கிட்ட வாதாடினான். அந்த வாரம் பூரா படிச்சத மூளை அடுக்கி வைக்கிற ராத்திரியையும்தானேப்பா சேத்து கெடுத்துக்குறன்னு கேட்டேன்.

தெளியறதுக்கு கோப்பி குடிக்கிறது, பச்சத் தண்ணியில குளிக்கிறது, எலுமிச்சம்பழம், மோரு, எதுவும் ஆல்கஹால வெளிய தள்ளாது, முழிப்பு மட்டும்தான் வரும். கல்லீரல் தன் வேகத்துலதான் எரிக்கும், 100 மில்லி ரத்தத்துக்கு மணிக்கு சுமாரா 15 மில்லிகிராம். ராத்திரி 12 மணிக்கு 160ல இருந்தவனுக்கு காலைல 6 மணிக்கு இன்னும் 70 இருக்கும். அவன் பைக்க எடுத்துக்கிட்டு வேலைக்குக் கிளம்புறான்.

பெரியப்பா என்கிட்ட கேட்டாரு, "நாங்களும்தான் அந்த வயசுல குடிச்சோம், எங்களுக்கு என்னம்மா ஆச்சு?" நான் அவரு மேல மரியாதை வச்சிருக்கேன், ஆனாலும் சொன்னேன், உங்க கூட குடிச்சவங்க எல்லாருமா இன்னைக்கு இந்த ஹால்ல உக்காந்திருக்காங்க பெரியத்தான்? அவரு கொஞ்ச நேரம் பேசல. ரெண்டு பேரோட பேர அவரே சொன்னாரு. 15 வயசுக்கு முன்னாடி குடிக்க ஆரம்பிச்சவங்க, 20 வயசுக்கு மேல ஆரம்பிச்சவங்கள விட சுமாரா நாலு மடங்கு அதிகமா குடிக்கு அடிமையாகுறாங்கன்னு 1997லயே அமெரிக்காவுல பெரிய கணக்கெடுப்பு ஒண்ணுல வந்துருச்சு. யாருக்கு ஆகும், யாரு தப்பிப்பாங்கன்னு மொகத்தப் பாத்து சொல்ல முடியாது. குடும்பத்துல ஏற்கெனவே குடியால கெட்டவங்க இருந்தா ரத்தத்துலயே கொஞ்சம் வரும், அந்த வீட்டுப் புள்ளைங்க இன்னும் தள்ளி நிக்கணும்.

நல்ல சேதியும் இருக்கு, நிறுத்தினா மூளை ஓரளவு மீளும், அதுவும் இளவயசுல வளையற சக்தி அதிகம். தம்பிகிட்ட நான் லெக்சர் அடிக்கல. காரிடார்ல அவன் சொன்னத ஒண்ணு விடாம அவன்கிட்டயே திருப்பிச் சொன்னேன், பாட்டி, அந்த ஆம்பளை நர்ஸ், அப்பாகிட்ட பயம், எல்லாம். தன் வாயால சொன்னத வேற யாரோட கதையோ மாதிரி கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். அப்புறம், "இது நான் யாருக்குமே சொல்லாதது சித்தி"ன்னு சொல்லிட்டு ரொம்ப நேரம் தலைய குனிஞ்சுக்கிட்டு இருந்தான்.

நிறுத்த முடியல, வாரா வாரம் பிளாக்கவுட் வருதுன்னா, மனநலக் கழகத்துல இருக்கிற நேம்ஸ், அதாவது தேசிய போதைப் பழக்க சிகிச்சைப் பிரிவு, 6732 6837க்கு கூப்பிடலாம். போலீஸ் கேஸ் ஆயிடுமோன்னு பயப்படாதீங்க, குடிக்கு உதவி கேக்கிறது குத்தம் கிடையாது.

இன்னொண்ணு அவசரத்துக்கு. யாராவது குடிச்சுட்டு எழுப்பினா எழும்பல, மூச்சு மெதுவா விட்டு விட்டு வருது, உடம்பு சில்லுன்னு இருக்கு, உதடு நீலமா போகுதுன்னா, தூங்கட்டும் விடுன்னு கதவ சாத்திட்டுப் போகாதீங்க. கடைசி கிளாஸ் குடிச்சதுக்கு அப்புறமும் வயித்துல இருக்கிறது ரத்தத்துல ஏறிக்கிட்டே இருக்கும், மூச்ச நடத்துற பகுதியையும் அது அமுக்கிரும், வாந்தி வந்தா இருமி வெளிய தள்ளுற அனிச்சை செயலும் நின்னுரும். மல்லாக்க படுக்க விடாதீங்க, ஒருக்களிச்சு படுக்க வச்சு, முட்டிய மடக்கி, தலைய லேசா பின்னாடி சாச்சு வாய் தரைப்பக்கம் பாக்கிற மாதிரி வைங்க. வாயில எதையும் ஊத்தாதீங்க. 995க்கு போன் பண்ணி எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு குடிச்சான்னு மறைக்காம சொல்லுங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் ஒரு ஆளு பக்கத்துலயே உக்காந்து மூச்ச பாத்துக்கிட்டே இருக்கணும்.